கேலிச் சித்திரம் கூறும் சாட்சியம்

சரித்திரத்துக்கு ஆதாரங்கள் யாவை என்று வகுப்பறையிலே கேட்டால் மாணவர் ஒரே மூச்சில் ஒப்புவிப்பர்: கல்வெட்டு, செப்பேடு, நாணயம், இலக்கியம், பிறநாட்டார் குறிப்பு. அண்மைக் காலத்துக்கு வந்தால் அரசாங்க அறிக்கை, உடன்படிக்கை, பாராளுமன்ற விவாதம், கடிதம், நாட்குறிப்பு எனப் பட்டியல் மேலும் நீளும். பத்திரிகையின் ஒரு மூலையிலே மூக்கும் வயிறும் பெருத்து நிற்கும் அரசியல்வாதியின் கேலிச் சித்திரத்தை அப்பட்டியலிற் சேர்க்க நம்மிற் பலர் இன்னும் துணியவில்லை. சிரிப்பதற்கென்று வரைந்த ஒன்று சரித்திரத்துக்கு எவ்வாறு உதவும் என்பது அவர்கள் ஐயம். பிரித்தானியப் பள்ளிகளின் சரித்திர வினாத்தாள்களிலோ உடன்படிக்கையின் வாசகத்துக்கு அருகிலே கேலிச் சித்திரத்தை அச்சிட்டு, இரண்டையும் ஒப்புநோக்குமாறு கேட்பது நெடுநாளைய வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கத்தை வரவேற்பவர்களுள் நானும் ஒருவன். ஆயினும் இப்படங்களைப் பலர் வாசிக்கும் முறை எனக்கு உவப்பாயில்லை. நிகழ்ச்சியின் நிழற்படம் போல அதைக் கொள்வார் சிலர். வரைந்தவரின் சொந்தக் கோபமெனக் கொண்டு தள்ளிவிடுவார் வேறு சிலர். படம் எதற்குச் சாட்சி என்ற கேள்வியை இரு சாராரும் கேட்பதில்லை.

பலரும் அறிந்த படமொன்றை எடுத்துக்கொள்வோம். 1939ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 20ஆம் திகதி இலண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' பத்திரிகையில் டேவிட் லோ வரைந்தது அது. பாழ்பட்ட நிலம், அதிலே ஒரு பிணம் கிடக்கிறது. பிணத்தின் இருமருங்கிலும் ஹிட்லரும் ஸ்டாலினும் தொப்பியைக் கழற்றி, இடை வளைத்து, ஒருவருக்கொருவர் வணக்கம் செலுத்துகின்றனர். மனிதகுலத்தின் கசடு என்று ஒருவர் மற்றவரை விளிக்க, தொழிலாளரைக் கொன்ற கொலைஞர் என்று மற்றவர் பதில் கூறுகிறார். விருந்து மண்டபத்திலே புதிதாய்ச் சந்தித்தோர் அறிமுகம் செய்துகொள்ளும் பண்பான தொனியிலேயே இவ்வசைகள் பரிமாறப்படுகின்றன. சோவியத் படைகள் கிழக்கிலிருந்து போலந்துக்குள் நுழைந்தது அம்மாதம் 17ஆம் திகதி. மூன்று நாள் செல்லுமுன் படம் வாசகர் கைக்கு வந்துவிட்டது.

இப்படத்திலிருந்து நாம் அறிவது என்ன? ஹிட்லரும் ஸ்டாலினும் தம் வாழ்நாளில் நேருக்கு நேர் சந்தித்ததேயில்லை. எனவே நிகழ்ச்சி என்ற அளவில் படம் கற்பனை. ஓகஸ்ட் 23ஆம் திகதி இரு நாடுகளும் கைச்சாத்திட்ட உடன்படிக்கையோடு கிழக்கைரோப்பாவைப் பங்கிடும் இரகசியப் பகுதியொன்றும் இணைந்திருந்தது. போர் முடிந்த பின்னரே அது வெளியுலகுக்குத் தெரியவந்தது; லோ அதனைக் கண்டிருக்க வழியில்லை. அப்படியானால் படத்தின் சாட்சியம் எதைப் பற்றியது? மாலை வேளையிலே வீடு திரும்பும் வழியில் பத்திரிகையைப் பிரித்த ஓர் இலண்டன் எழுதுவினைஞரின் மனத்திலே முன்னரே என்ன இருந்தது என்பதைப் பற்றியது. பல ஆண்டுகளாக அவ்விரு அரசுகளும் ஒன்றையொன்று ஏசிய ஏச்சுகள் அவர் நினைவில் இருந்தன. இல்லாவிடின் அவருக்குச் சிரிப்பு வந்திராது.

கேலிச் சித்திரக்காரருக்குக் கிடைக்கும் அவகாசம் அரை நிமிடந்தான். உரை எழுத இடமில்லை. அடிக்குறிப்பும் போட இயலாது. ஆகவே வாசகர் ஏற்கெனவே அறிந்ததும் நம்பியதும் அஞ்சியதும் வெறுத்ததுமே அவருக்குக் கருவி. எல்லாரும் அறிந்த செய்தியை எந்த அரசாங்கக் கோவையும் எழுதி வைப்பதில்லை. எழுதப்படாத காரணத்தால், ஒரு தலைமுறை கழிந்தவுடன் முதலில் மறைந்துபோவதும் அதுவே. இந்த எழுதா அறிவின் தடம் கேலிச் சித்திரத்திலே தங்கிவிடுகிறது. பழைய படமொன்றிலே நமக்கு விளங்காத மூலை ஏதும் இருக்குமானால், அக்காலத்தவருக்கு அது வெளிப்படையாய் விளங்கிற்று என்பது நிச்சயம். ஆராய்ச்சியாளர் தோண்டவேண்டிய இடம் அந்த மூலையே என்பேன்.

படம் பொய் சொல்லுமே என்பார்க்கு ஒரு விடை உண்டு: அப்பொய்க்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. நெப்போலியன் குள்ளன் என்று உலகம் முழுவதும் இன்றும் நம்புகிறது. உண்மையிலே அவன் உயரம் ஏறத்தாழ 168 சதமமீற்றர். அக்காலப் பிரெஞ்சு ஆடவருள் அது குறைந்த உயரமன்று. அவனைக் குள்ளனாக்கியதிற் பெரும்பங்கு ஜேம்ஸ் கில்ரே என்னும் ஆங்கில ஓவியருடையது. 1805ஆம் ஆண்டிலே அவர் வெளியிட்ட படத்தில் நெட்டைக் கொக்குப் போன்ற பிரதமர் பிற்றும் பெரிய தொப்பிக்குள் மறைந்த சிறிய நெப்போலியனும் எதிரெதிரே அமர்ந்து, பூகோளத்தைப் பலகாரம் போல வெட்டிப் பங்கிடுகிறார்கள். பிரெஞ்சுப் படையெடுப்பு இன்றோ நாளையோ என்று இங்கிலாந்து நடுங்கிய ஆண்டுகள் அவை. அச்சமூட்டும் பகைவனை உயரங்குறைத்துப் பார்ப்பதில் ஓர் ஆறுதல் உண்டன்றோ? நெப்போலியனின் உயரத்தை அறிய அப்படம் உதவாது. இங்கிலாந்து மக்களின் அச்சத்தை அளந்தறிய அதைக்காட்டிலும் நல்ல கருவி கிடைப்பது அரிது.

ஆனால் 'இங்கிலாந்து மக்கள்' என்று எழுதும்போதே சற்று நிதானிக்க வேண்டும். அரச குடும்பத்தையே துணிந்து பகடி செய்த கில்ரே, 1797 முதல் பிற்றின் அரசாங்கத்திடமிருந்து உபகாரச் சம்பளம் பெற்றவர். வளர்ந்துவந்த அரசியல்வாதியான ஜோர்ஜ் கனிங், கில்ரேயின் படத்திலே தம் உருவமும் இடம்பெற வேண்டுமென்று நண்பர் ஒருவர் மூலம் தூது விட்டதும் பதிவாகியுள்ளது. கேலிக்கு ஆளாவதற்கே சிபாரிசு தேடிய காலம் அது! கில்ரேயின் அச்சுப்படங்கள் விலையுயர்ந்தவை. வாங்கும் வசதி செல்வருக்கே இருந்தது. எனினும் இலண்டன் சென் ஜேம்ஸ் வீதியில் ஹம்ப்ரி அம்மையாரின் கடைச் சாளரத்திலே அவை தொங்கின; வழிப்போக்கர் கூடி நின்று இலவசமாகப் பார்த்தனர். அக்காட்சியையும் 1808இல் வெளியான ஒரு படத்தில் கில்ரேயே காட்டியிருக்கிறார். சாளரத்துப் படங்களிலே சிலர் மெய்ம்மறந்து நிற்க, அவர்கள் பின்னால் ஒரு கிழவர் சறுக்கி விழுகிறார். திரும்பிப் பார்ப்பார் எவருமில்லை. பணம் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், வெறுமனே பார்த்தவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை காணாமல் ஒரு படத்தை மக்கட் கருத்தென்று மேற்கோள் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

மீண்டும் லோவிடம் வருவோம். அவர் வாழ்க்கையிலே இத்துறை மாணவர் அனைவரும் அறியவேண்டிய அத்தியாயம் ஒன்றுண்டு.

நியூசிலாந்திலே 1891இல் பிறந்த லோ, 1927 முதல் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' பத்திரிகைக்குப் படம் வரைந்தார். பத்திரிகையின் உரிமையாளர் பீவர்புறூக் பிரபு பழைமைக் கட்சிச் சார்பினர். ஜேர்மனியோடு இணங்கிப்போக வேண்டுமென்ற கொள்கையை ஆதரித்தவர். லோவோ இடதுசாரிச் சார்புடையவர். ஹிட்லரையும் முசோலினியையும் ஓயாது பகடி செய்தவர். தம் மனம்போல வரையும் உரிமை அவருடைய ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ஆகவே ஒரே இதழிலே தலையங்கம் ஒரு திசையிலும் படம் மறு திசையிலும் இழுத்த நாட்கள் பல. 1937ஆம் ஆண்டு நவம்பரிலே ஹலிபாக்ஸ் பிரபு ஜேர்மனிக்குச் சென்றபோது, லோவின் படங்கள் ஹிட்லருக்கு எவ்வளவு எரிச்சலூட்டுகின்றன என்பதைக் கோயபல்ஸ் அவரிடம் முறையிட்டார். நாடு திரும்பிய ஹலிபாக்ஸ் லோவைச் சந்தித்து, சமாதான முயற்சிக்கு இடையூறு நேராதவண்ணம் கொஞ்சம் தணிவாக வரையுமாறு கேட்டுக்கொண்டார். சட்டத்தின் பேரால் வந்த தடையன்று அது; கோப்பித் தட்டோடு கேட்பது போன்ற மரியாதையான வேண்டுகோள். மறுத்தால் போருக்குத் தானும் ஒரு காரணமாகிவிடுவோமோ என்ற எண்ணம் எவருக்கும் வரும். லோ இணங்கினார்.

ஆயினும் தம் வழியில் இணங்கினார். ஹிட்லரையும் முசோலினியையும் தனித்தனியே வரைவதை விட்டு, இருவர் முகத்தையும் கலந்து 'மஸ்லர்' என்றொரு சர்வாதிகாரியைப் படைத்தார். இருவர் பெயரின் ஒலியும் அப்பெயரிலே கலந்திருக்கும். வாய்ப்பூட்டுப் போடுபவன் என்பது ஆங்கிலத்தில் அதற்குரிய பொருள். 1938 மார்ச்சிலே ஹிட்லர் ஒஸ்திரியாவை விழுங்கியதும் மஸ்லர் மறைந்தான். பழைய முகங்கள் திரும்பி வந்தன.

இச்செய்தியை அறியாத ஒருவர் அச்சில மாதப் படங்களை மட்டும் வரிசைப்படுத்திப் பார்ப்பாராயின் எம்முடிவுக்கு வருவார்? ஹிட்லர்மீது லோவுக்கு இருந்த சினம் தணிந்துவிட்டதென்று எழுதுவார். உண்மையிலே அங்கே தணிந்தது சினமன்று. பிரித்தானிய அரசாங்கம் இணக்கக் கொள்கையை எவ்வளவு தூரம் கொண்டுசென்றது, ஒரு பத்திரிகை ஓவியரின் மேசைவரை அதன் கை எவ்வாறு நீண்டது என்பதற்கு அந்தத் தணிவே ஆவணமாய் நிற்கிறது. வரையப்பட்ட முகத்தைப் போலவே வரையப்படாத முகமும் சாட்சி சொல்லும். ஆனால் அச்சாட்சியைக் கேட்பதற்குப் படத்துக்கு வெளியே செல்லவேண்டும். ஜேர்மனியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியவுடன் சிறைப்பிடிக்கவென 1940இல் தயாரித்த பட்டியலிலே லோவின் பெயரும் இருந்தது. அவருடைய தூரிகையை அவர்கள் எப்படி மதிப்பிட்டனர் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இங்கே இன்னொரு கண்ணியையும் சுட்டவேண்டும். நம் பாடநூல்கள் எடுத்தாளும் படங்கள் பெரும்பாலும் பிற்காலம் சரியென்று நிரூபித்த படங்களே. 1919ஆம் ஆண்டு மே மாதம் 'டெய்லி ஹெரல்ட்' பத்திரிகையில் வில் டைசன் வரைந்த படத்தைப் பாருங்கள். வேர்சாய் மாநாட்டின் தலைவர் நால்வரும் மண்டபத்தை விட்டு வெளியேறுகின்றனர். முன்னே செல்லும் கிளெமென்சோ சற்றே நின்று, எங்கோ ஒரு குழந்தை அழுவது போலக் கேட்கிறதே என்கிறார். தூணுக்குப் பின்னால் ஆடையற்ற குழந்தையொன்று விம்முகிறது. அதன் தலைக்குமேல் '1940ஆம் ஆண்டு அணி' என்று எழுதியிருக்கிறது. இதைக் கண்டு வியந்து டைசனைத் தீர்க்கதரிசியாக்கிவிட்டனர் பலர். அன்று மழலை பேசிய குழந்தை படையிற் சேரும் வயதை எட்டுவது ஏறத்தாழ 1940இல் என்பது விரல்விட்டு எண்ணும் கணக்கு. அச்சமாதானத்தைத் தொழிலாளர் பத்திரிகையொன்று எத்துணைக் கசப்போடு வரவேற்றது என்பதே அப்படத்தின் அரிய சாட்சியம். தீர்க்கதரிசனத்திலே மயங்கினால் அக்கசப்பை நாம் தவறவிடுவோம். அதே மாதத்திலே சமாதானத்தைப் புகழ்ந்து வரைந்த படங்களை எவர் இன்று தேடுகிறார்? சரித்திர ஆசிரியருக்கு அவையும் வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மேலே கூறிய கேள்விகளை இங்கே எழுப்பும்போது அவற்றின் கூர்மை நம்மையே தீண்டுகிறது.

1956ஆம் ஆண்டு ஏப்பிரிலில் நடந்த பொதுத் தேர்தலுக்கு முன்னர் எக்சத் பிக்கு பெரமுனையினர் ஒரு கேலிச் சித்திரச் சுவரொட்டியை வெளியிட்டனர். போதி மரத்தடியிலே புத்தர். அவரை நோக்கிப் படையெடுத்து வருகிறது ஒரு கூட்டம். யானைமேல் வீற்றிருப்பவர் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலை. அவர் பின்னே மதுவும் மேனாட்டு நடனமும் கொல்லப்பட்ட கன்றின் உடலுமாக ஓர் ஊர்வலம். இது புத்த ஜயந்தி ஆண்டு, நாட்டையும் இனத்தையும் சமயத்தையும் தீய சக்திகளிடமிருந்து மீட்டுக்கொள்ளுங்கள் என்ற கருத்தமைந்த வாசகம். அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஹவார்ட் றிகின்ஸ் இலங்கை அரசியலைப் பற்றி 1960இல் வெளியிட்ட நூலிலே இதனை எடுத்துக் காட்டியுள்ளார்.

யானை ஐக்கிய தேசியக் கட்சியின் சின்னம் என்பது தமிழ் மாணவர் எவருக்கும் உடனே விளங்கும். அதற்கு மேலும் ஒரு யானை அப்படத்தில் உண்டு. புத்தர் ஞானம் பெறுவதைத் தடுக்க வந்த மாரன் ஏறிவந்தது கிரிமேகலை என்னும் யானை. தம்புள்ளைக் குகையின் விதானத்திலே மாரன் படையெடுப்பு பெரிதாகத் தீட்டப்பட்டிருக்கிறது. வேறு விகாரைச் சுவர்களிலும் அக்காட்சியைக் காணலாம். எழுத்தறியாத கிராமத்துப் பாட்டியும் சிறுவயது முதல் கண்டு பழகிய காட்சி அது. கட்சியே தேர்ந்துகொண்ட சின்னத்தை மாரனின் வாகனமாக்கிவிட்டார் அதை வரைந்தவர். ஒரு சொல்லும் மிகையாகத் தேவைப்படவில்லை. விகாரைச் சுவர் முன்னரே பாடம் நடத்தி முடித்திருந்தது.

இந்தத் தேர்தலை நாம் தமிழிலே படிக்கும்போது மொழித் தேர்தல் என்றே படிக்கிறோம். அதற்குக் காரணமும் உண்டு. அவ்வாண்டு யூன் மாதத்திலேயே தனிச் சிங்களச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறி, நம் வாழ்வைத் திசைதிருப்பியது. ஆனால் தேர்தலுக்கு முன்பே, பெப்ருவரி மாதக் களனி மாநாட்டில், ஐக்கிய தேசியக் கட்சியும் தனிச் சிங்களக் கொள்கையை ஏற்றுக்கொண்டுவிட்டது. மொழியிலே வேற்றுமை இல்லாதொழிந்த பிறகு, எவர் சமயத்தின் உண்மையான காவலர் என்ற போட்டியே சிங்கள வாக்காளர் முன் எஞ்சியது. புத்தர் பரிநிர்வாணமடைந்த 2500ஆம் ஆண்டு நிறைவை நாடு எதிர்பார்த்திருந்த வேளையிலே தேர்தலை நடத்துவதா என்ற மனக்குறையும் பிக்குகளிடையே இருந்தது. ஐக்கிய தேசியக் கட்சி எட்டு ஆசனங்களோடு நின்றுவிட, பண்டாரநாயக்கவின் மக்கள் ஐக்கிய முன்னணி 51 ஆசனங்களைப் பெற்றது. தோல்விக்குக் காரணம் ஒரு சுவரொட்டி என்று சொல்லும் அளவுக்கு நான் பேதையல்லேன். எதிர்க்கட்சிகளின் போட்டித் தவிர்ப்பு ஒப்பந்தமும் விலைவாசியும் இருந்தன. நான் சொல்ல வருவது வேறு. நம்மைப் பாதித்த அந்தத் தேர்தலிலே அயற் கிராமத்தவர் மனத்திரையில் ஓடிய காட்சி எது என்பதை, ஹன்சாட்டின் பக்கங்களிலே தேடிக் காணாததை, இந்த ஒரு தாளிலே காணலாம். இனம் என்ற சொல் நாட்டுக்கும் சமயத்துக்கும் நடுவிலே எவ்வளவு இயல்பாக அமர்ந்துகொண்டது என்பதையும் அதிலேயே காணலாம். அதை வாசிக்க நமக்குச் சிங்களமும் விகாரை ஓவியமும் ஓரளவேனும் தெரிந்திருக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் யார் சொல்லிக்கொடுக்கிறோம்?

தமிழிலே இக்கலையின் தொடக்கமும் படிப்பினை தருவது. பாரதியார் ஆசிரியராயிருந்த 'இந்தியா' வார இதழ் 1906இல் சென்னையில் தொடங்கியது. 1908இல் அடக்குமுறைக்குத் தப்பிப் புதுச்சேரிக்குச் சென்று 1910வரை வெளிவந்தது. முகப்பிலே அரசியற் சித்திரம் வெளியிட்டு, உள்ளே அதற்கு விளக்கமும் எழுதியது அவ்விதழ். விளக்கம் தேவைப்பட்ட கேலிச் சித்திரம் அரைகுறையானது என்று இலக்கணம் பேசுவோர் நகைக்கலாம். எனக்கோ அவ்விளக்கமே பெருஞ் செல்வமாகத் தோன்றுகிறது. எந்த உருவத்தைத் தமிழ் வாசகர் தாமாக அறிந்துகொள்வார், எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஒரு மகாகவி வாரந்தோறும் மதிப்பிட்டதன் பதிவு அது. அப்படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்து 1994இல் நூலாக்கியிருக்கிறார். அத்தகைய தொகுப்பு ஒன்றேனும் ஈழத்துத் தமிழ் நாளேடுகளின் அரசியற் சித்திரங்களுக்கு வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

வேலை எளிதன்று. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் யூன் மாதத் தொடக்கத்திலும் யாழ்ப்பாணம் எரிந்தபோது, பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச் சுவடிகளும் சாம்பலாயின. 'ஈழநாடு' காரியாலயமும் அந்நாட்களிலேயே தீக்கிரையாயிற்று. புத்தகத்துக்கு வேறெங்கேனும் ஒரு பிரதி இருக்கும். நாளேட்டின் பழைய கோவைக்கு அந்த நம்பிக்கையும் குறைவு. எஞ்சியவை கொழும்புச் சுவடிகள் திணைக்களத்திலும் தனியார் பெட்டிகளிலும் கிடக்கின்றன. 'சிரித்திரன்' ஆசிரியர் சிவஞானசுந்தரத்தின் படங்கள் பல 'நூலகம்' நிறுவனத்தின் முயற்சியால் மின்வடிவிலே பிழைத்திருக்கின்றன. அவருடைய சவாரித் தம்பரை 'தினகர'னிலே கண்டு சிரித்த தலைமுறையினர் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அப்படங்களில் எவர் முகம் எவருடையது, எந்தச் சொல் எந்த மேடைப் பேச்சைக் குத்துவது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்களே. மாணவர் ஒரு குறிப்புப் புத்தகத்தோடு அவர்கள் வீட்டுக்குச் சென்று, படத்தைக் காட்டிக் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

பழைய பத்திரிகையைக் கையிலே வைத்திருப்போருக்கும் ஒரு வேண்டுகோள். படத்தை மட்டும் கத்தரித்து ஒட்டிவைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. திகதியும் பக்கத்துச் செய்தியும் அன்றைய தலையங்கமும் அதனாற் குப்பைக்குப் போய்விடுகின்றன. தாளை முழுத் தாளாகவே மடியாமல் வையுங்கள்; முடியாதெனில் திகதியையாவது பென்சிலால் ஓரத்திலே எழுதுங்கள். மை வேண்டாம், ஊறிவிடும்.